போடாமல் விட்ட மண்

செப்டம்பர் 27

மாடி அறைக்கு ஆள் வந்துவிட்டது. பெயர் ஜெனிட்டா. கான்வென்ட் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் விளையாட்டு ஆசிரியை, இருபத்திரண்டு வயது. அனுப்பியவர் கஸ்மீர், அவருடைய தம்பி மகளாம். தன் வீட்டில் மகன்களும் மருமகள்களும் நிறைந்திருப்பதால் இடமில்லை என்றார். ஏற்காட்டில் வேறு வீடே இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் பங்கின் கல்லறைக் காவல் சபைக்கு அவர்தான் தலைவர். என் கணவர் ரேஞ்சர் தைரியநாதனும் சாகும்வரை அந்தச் சபையில் இருந்தார். அப்படிப்பட்டவரிடம் முடியாது என்று சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெண் ஒரு பெட்டியும், தோளில் நீளமான கான்வாஸ் பை ஒன்றும் கொண்டு வந்தாள்.

"அது என்ன?"

"ஈட்டி ஆன்ட்டி. எறியறது. ஸ்டேட் லெவல் போயிருக்கேன்."

பையின் வாய் திறந்திருந்தது. எறியும் ஈட்டிக்கு நுனியில் உலோகம் இருக்கும். இதில் மரத்தையே கூராகச் சீவியிருந்தார்கள்.

வீட்டு ஒழுங்குகளைச் சொன்னேன். ஈரச் செருப்பு வெளியே. விளக்கு போட்ட பிறகு கேட் பூட்டப்படும். சாப்பாட்டு மேசையில் கைபேசி கூடாது. பின் வராந்தாவுக்குக் கூப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

"பின் வராந்தால என்ன ஆன்ட்டி இருக்கு?"

"ஆர்மோனியம்."

"கூப்பிடாம வந்தா ஓடிடுமா?"

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் முதல் நாளே இடம் கொடுத்தது போல் ஆகியிருக்கும்.

செப்டம்பர் 30

டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் இன்னும் குறைந்திருக்கிறதாம். இரும்புச் சத்து டானிக்கை இரண்டு வேளையாக்கினார். முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல். என் இடது மணிக்கட்டைப் பார்த்தார்.

"இது என்னம்மா கட்டு?"

"அரிவாள்மனை."

"போன மாசமும் அரிவாள்மனைன்னுதானே சொன்னீங்க?"

"அது போன மாதம்" என்றேன். வாங்கும் ஃபீஸுக்கு வேண்டியதை மட்டும் கேட்டால் போதும்.

அக்டோபர் 1

ஜெபமாலை மாதம் தொடங்கிவிட்டது. எங்கள் பங்கில் இந்த மாதம் முழுவதும் மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் அன்பியத்தார், தெருவின் ஜெபக் குழுவினர், பாட்டுப் பாடிக்கொண்டு சுரூபத்தைக் கொண்டு வருவார்கள். இரவு முழுக்க வீட்டில் வைத்திருந்து மறுநாள் அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். மாதா வந்து போன வீட்டில் கெட்டது எதுவும் படி ஏறாது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. ஏழாம் தேதி, ஜெபமாலை மாதா திருநாள், என் கணவர் இருந்தவரை எப்போதும் என் வீடு.

கஸ்மீர் பட்டியலோடு வந்தார். என் வீட்டை இந்த வருடமும் விட்டுவிடும்படி சொன்னேன்.

"ஏன்க்கா?"

"முன் அறைச் சுவர் ஓதம் அடிக்கிறது. மாதாவை ஈரச் சுவரோரம் வைக்க எனக்கு மனமில்லை."

அவர் சுவரைப் பார்த்தார். சுவர் நன்றாகத்தான் இருந்தது.

"கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து, ரேஞ்சர் அண்ணன் இருந்த வரைக்கும், ஒரு தரம்கூட நீங்க மாதாவை விட்டதில்லையே. அண்ணன் போனதுலருந்து மூணு வருஷமா வேணாங்கறீங்க."

"இந்த வருடமும் விடுகிறேன்."

போகும்போது பின் கதவு நிலையை அண்ணாந்து பார்த்தார். குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைச் சிலுவை வழக்கமாகச் செருகியிருக்கும் இடம் அது. தூசி சேர்கிறது என்று நான்தான் எடுத்தேன்.

அக்டோபர் 4

பனி. ஆர்மோனியம் வாசிக்கப்பட்டது.

அக்டோபர் 9

மதியம் எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். அதனால் ஜெனிட்டா நான் எதிர்பாராத நேரத்தில் வந்துவிட்டாள்.

ஆர்மோனியம் வாசிக்க ஒரு பையன் வருவதுண்டு. பெயர் செலஸ்டின். இருபத்தொரு வயது இருக்கும். எனக்குத் தெரிந்த குடும்பம். என் கணவர் காலமான பிறகு, மூன்று வருடங்களாக வருகிறான். முதல் நாள் பின் வாசலில் பனியில் நின்றான்; உள்ளே வா என்றேன். வாசலில் நிற்கவைத்துப் பேசுவது எங்களுக்குக் கன்னியாஸ்திரீகள் கற்றுத் தந்த ஒழுக்கம் அல்ல. அதற்குப் பிறகு அவன் கதவைத் தட்டுவதில்லை.

ஜெனிட்டா வராந்தா வாசலில் வந்து நின்றாள்.

"மூணு தரம் கூப்பிட்டேன் ஆன்ட்டி. ரூல்ஸ் மீறல."

"அவங்களுக்குக் காது கேட்டிருக்காது" என்றான் செலஸ்டின், கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே. "நான் வாசிச்சா அவங்களுக்கு வேற எதுவும் கேக்காது."

"உங்க காபி ஆறுது" என்றாள் ஜெனிட்டா, அவன் பக்கத்தில் இருந்த டம்ளரைப் பார்த்து.

"எனக்கு ஆறின காபிதான் பிடிக்கும்."

"பொய் சொல்ற மூஞ்சி."

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள மூஞ்சியெல்லாம் படிச்சாச்சா? நீதான் அந்த ஈட்டி எறியற பொண்ணா?"

"யார் சொன்னா?"

"உன் தோள் சொல்லுது. எவ்வளவு தூரம் போகும்?"

"எதிர்ல நிக்கறவன் ஓடறானா, நின்னு பேசறானாங்கறதப் பொறுத்தது."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்வதே இல்லை.

அவன் போன பிறகு ஜெனிட்டா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, இந்தக் குளிர்ல நீங்க பேசினா வாயிலருந்து புகை வருது, எனக்கும் வருது. அவருக்கு ஏன் வரல?"

"சில பேருக்கு உடம்புச் சூடு குறைவு."

அவள் மேலே போனாள். கான்வாஸ் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து மூடும் சத்தமும் கேட்டது.

அக்டோபர் 12

பனி. அவன் வந்தான். வாசித்தான். அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். போகச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 15

கஸ்மீர் தன் தம்பி மகளைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அவள் பள்ளியில் இருக்கும் நேரம் அது என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எஸ்டேட்ல ஆடு சாகுதுக்கா. கழுத்துல ரெண்டு புள்ளி, உடம்புல சொட்டு ரத்தம் இல்ல."

"சிறுத்தையாக இருக்கும்."

"சிறுத்தை கறிய விட்டுட்டா போகும்? இது ரத்தக்காட்டேரி. உங்ககிட்ட மறைச்சு என்ன? ரேஞ்சர் அண்ணன் சபையில எதுக்கு இருந்தாரு? புல்லு புடுங்கவா? எங்க தாத்தா காலத்துலருந்து எங்க குடும்பத்துக்கு இதான் வேலை."

"எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, கஸ்மீர்."

"சரி. நம்ப வேணாம். கேட்டுக்கங்க. அடக்கத்தப்போ எல்லாரும் குழில ஒரு பிடி மண்ணு போடறோமில்ல? எதுக்குன்னு நினைக்கறீங்க? போயிட்டு வரேன்னு சொல்றதுக்கு இல்ல. இனிமே உன்னை நான் எதிர்பாக்க மாட்டேன், நீயும் என்னை எதிர்பாக்காதேன்னு சொல்றதுக்கு. ஒருத்தரை எதிர்பாத்துக் காத்திருந்து செத்துப்போறவன் இருக்கான் பாருங்க, அவனுக்கு ஊரே மண்ணு போட்டாலும் போதாது. அந்த ஒருத்தர் கையால ஒரு பிடி விழணும். விழலன்னா படுக்க மாட்டான். எழுந்து தேடுவான்."

"விழுந்தால்?"

"கண்ணை மூடிக்குவான். அந்த மண்ணு கிடைக்கலன்னாதான் ஈட்டி. அது வேற மாதிரி. பாக்க நல்லாருக்காது."

மழைக்கோட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அறுபது வருஷத்துக்கு முன்னாடி பாறையிலருந்து விழுந்து செத்தானே, கோவில்ல ஆர்மோனியம் வாசிச்ச பையன். உங்க காலம்தானேக்கா?"

"நான் அப்போது போர்டிங்கில் இருந்தேன். அவனை அடக்கம் செய்த அன்று எங்களுக்குத் தேர்வு. வெளியே விடமாட்டார்கள்."

"அவனை என்னைக்கு அடக்கம் பண்ணாங்கன்னு நான் சொல்லலையே."

சிறிய ஊர். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதைத்தான் அவரிடம் சொன்னேன். காபி கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 18

பனி. வராந்தாவில் ஆர்மோனியம் இல்லை. பின் தோட்டத்தில் காபிச் செடிகளுக்கு நடுவே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஈட்டியைப் பிடிக்கும் விதத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் வேண்டுமென்றே தப்பாகப் பிடித்தான்.

"கரண்டி புடிக்கற மாதிரி புடிக்கற. விரல நீட்டு."

"என்னைக் கொல்ற சாமானை நானே புடிச்சுப் பழகணுமா?"

"பேசாத. முழங்கைய மேல தூக்கு."

நான் சன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். நேற்றுத்தான் துடைத்தவை. மறுபடி துடைத்தேன்.

அக்டோபர் 21

இந்த வாரம் அரிவாள்மனை படவில்லை. மணிக்கட்டு ஆறிவிட்டது. கட்டை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். டானிக் இனித் தேவைப்படாது என்று நினைக்கிறேன். டாக்டரம்மா மகிழ்வார்.

ஜெனிட்டா இடது கையில், விளையாட்டுக்காரர்கள் மணிக்கட்டில் போடும் துணிப் பட்டை ஒன்று மாட்டியிருக்கிறாள். சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. அழுக்காக இருக்கிறது, துவைக்கப் போடு என்றேன். நாளைக்கு என்றாள்.

அக்டோபர் 24

பள்ளிக் கூட்டத்தில் ஜெனிட்டா மயங்கி விழுந்துவிட்டாள். ஜீப்பில் கொண்டு வந்து விட்டார்கள். கட்டிலில் படுக்கவைத்து அந்தப் பட்டையைக் கழற்றினேன்.

இரண்டு புள்ளிகள். அவற்றைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் டானிக் புட்டியைக் கொண்டு வந்து இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

"அவனைப் பாத்த அன்னைக்கே ஈட்டியால முடிச்சிருக்கணும் ஆன்ட்டி. பெரியப்பா அதுக்குத்தான் உங்க வீட்ல விட்டாரு. மாதாவை வேணாம்னு சொன்ன வீட்டுக்குத்தான் அவன் வருவான்னு அவருக்குத் தெரியும்."

"பிறகு ஏன் முடிக்கவில்லை?"

"அவன் வாசிச்சான்ல. அன்னைக்கு."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"அவன் எல்லாத்தையும் சொன்னான். செத்த பிறகு உங்க அப்பா வீட்டு சன்னலுக்கு வந்து, நீயும் என்னை மாதிரி ஆயிடு, ரெண்டு பேரும் இப்படியே இருக்கலாம்னு கேட்டானாம். நீங்க மாட்டேன்னுட்டீங்களாம். ஏன் ஆன்ட்டி?"

கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் உடம்பு சரியில்லாத பெண்.

"எனக்குத் துணி வெயிலில் காய வேண்டும்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"வெயிலில் காய்ந்த போர்வையை நீ முகர்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. தூங்கு."

அக்டோபர் 26

பனி வந்ததும் அவனும் வந்தான். அவளை மாடியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நான் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆடு போதவில்லையா உனக்கு?"

"நான் கேக்கல செசி. அவளா கையை நீட்டினா."

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. செசி என்று என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

அவன் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் தலைமுடி எனக்கு முழங்கால் உயரத்தில் இருந்தது. நெற்றியில் விழும் அந்தச் சுருள் ஒன்று. என்னுடையது எப்போதோ வெளுத்து, உதிர்ந்து, கொண்டைக்குள் ஊசிகளால் நிற்கிறது.

"அவ சிரிக்கறப்ப உன்னை மாதிரியே இருக்கா" என்றான். "பாறைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனப்ப நீ சிரிச்சியே, அந்த மாதிரி."

"நான் வாயைத் திறந்து சிரித்ததே இல்லை."

"சிரிச்ச. உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு நேத்து மாதிரி இருக்கு. எனக்கு எல்லாமே நேத்துதான்."

அவளை விட்டுவிடும்படி சொன்னேன். முடியாது என்று அவன் சொல்லவில்லை. எங்கே நின்று காத்திருப்பது என்று கேட்டான். வேறு எதையும் அவனுக்குக் கேட்கத் தெரியாது. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அக்டோபர் 29

ஜெனிட்டாவுக்கு நடமாட முடிகிறது. அடுப்படியில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு, சாமியார் கல்லறைகளை மந்திரிச்சு முடிச்சதும், சபை அவனோட பழைய குழியைத் தோண்டப்போறாங்க. ஈட்டி என் கையில. ஆனா அவன் அந்தக் குழில இல்ல. அவன் எங்க படுத்திருக்கான்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெரியப்பாவுக்குத்தான் தெரியாது."

என் கணவருக்குக் கல்லறை கட்டும்போதே எனக்கும் சேர்த்து இரட்டையாகக் கட்டச் சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் அவர் இருக்கிறார். இன்னொரு பக்கத்துக்குச் சலவைக்கல் மூடி போட்டு, என் பெயரும் பிறந்த தேதியும் வெட்டி வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் காலியாக இருப்பதாக ஊர் நினைக்கிறது.

"வெறுங்குழியைப் பாத்துட்டு எல்லாரும் திரும்பிடுவாங்க. அன்னைக்கு சாயங்காலம் நாங்க போயிடுவோம் ஆன்ட்டி. அவனை மாதிரியே என்னையும் ஆக்கச் சொல்லிட்டேன்."

வெங்காயத்தின் மேல் தோலோடு நல்ல பகுதியையும் சேர்த்து உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன்.

"உங்க அம்மாவிடம் சொன்னாயா?"

"சொன்னா விடுவாங்களா?"

"அவனைப் பார்த்து உனக்கு அலுக்காது என்று நினைக்கிறாயா?"

"உங்களுக்கு அலுத்துதா?"

சாம்பாருக்கு இன்று உப்பு அதிகமாகிவிட்டது.

அக்டோபர் 31

கல்லறையைக் கழுவி, பாசி சுரண்டி, விளக்குமாடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். என் பெயர் வெட்டிய மூடியின் மேல் கையை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. கல் என்றால் குளிரத்தான் செய்யும்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலைப் பூசையிலேயே பனி கோவிலுக்குள் வந்துவிட்டது. பூசை முடிந்து எல்லோரும் மெழுகுவத்தியும் செவ்வந்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து முடித்தார். மூலையில் சபையார் கடப்பாரையோடு நின்றார்கள். பழைய குழி உள்வாங்கியிருக்கிறது, மண் நிரப்பப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெனிட்டா கான்வாஸ் பையோடு கஸ்மீருக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஆனால் கண்ணில் பயம் இல்லை. சாயங்காலத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னப் பெண். கான்வாஸ் பை அவள் தோளைவிட உயரமாக இருந்தது. வெயில் பட்டால் கருத்துப்போகும் நிறம். இனி கருக்கவே போவதில்லை என்று சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தாள்.

நான் கஸ்மீரிடம் போனேன்.

"அங்கே தோண்ட வேண்டாம். எங்கள் கல்லறையில் என் பெயர் வெட்டிய மூடியைத் தூக்கச் சொல்லுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். ஜெனிட்டா, "ஆன்ட்டி, வேணாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"யாருக்கா உள்ள?" என்றார் கஸ்மீர்.

"தூக்குங்கள்."

நான்கு பேர் தூக்கினார்கள். என் பெயர் வெட்டிய கல்லைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். கூட்டத்தில் யாரோ ஏசுவே என்றார்கள். அன்பியத்துப் பெண்கள், கடைக்காரர், டாக்டரம்மா, பள்ளிச் சகோதரிகள், என்னிடம் இவ்வளவு வருடம் கொஞ்சம் தள்ளி நின்றே பேசிய எல்லோரும் அங்கே இருந்தார்கள். ரேஞ்சர் தைரியநாதனின் மனைவி தன் குழிக்குள் யாரை வைத்திருந்தாள் என்று எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். முதுகை வளைக்கவில்லை.

பனி வெயிலை முழுக்க மறைத்திருந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தான். சுற்றி நின்ற யாரையும் பார்க்கவில்லை.

"வந்துட்டியா செசி" என்றான்.

"வந்துட்டேன்" என்றேன்.

"தேர்வு முடிஞ்சுதா?"

ஈர மண்ணை அள்ளினேன். அவன் மார்பின் மேல் விழும்படி போட்டேன். அவன் அந்த மண்ணைப் பார்த்தான். என்னை இன்னொரு தரம் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

கஸ்மீர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "முடிஞ்சுது" என்றார். பிறகு முறைப்படி எல்லோரும் வந்து ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். சாமியார் கையில்கூட மண் ஒட்டியிருந்தது. மூடியைத் திரும்ப வைத்தார்கள்.

ஜெனிட்டாவும் குனிந்து மண் அள்ளினாள். நான் பார்த்தேன். எல்லோரும் போட்டுவிட்டு நகர்ந்த பிறகும் அவள் கை மூடியே இருந்தது. மூடிய கையோடே வீடு வரை நடந்து வந்தாள்.

கஸ்மீர் அதைப் பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

நவம்பர் 3

அவள் என்னிடம் பேசவில்லை. அடுப்படியிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்று குறைகிறது. சீரகம் போடும் சின்ன டப்பா. சீரகத்தை ஒரு தட்டில் கொட்டி வைத்துவிட்டு எடுத்திருக்கிறாள்.

நவம்பர் 6

அன்பியக் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு வழக்கமான நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒருத்தி, முன்பு என்னோடு பேசாதவள், வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எது எனக்கு அதிகம் பிடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே ஜெபமாலை சொன்னேன்.

கஸ்மீர் மாதாவை எப்போது அழைத்துக்கொள்கிறீர்கள் என்றார். மாதம் முடிந்துவிட்டதே என்றேன். மாதாவுக்கு மாதக் கணக்கு உண்டா என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

நவம்பர் 11

மதியத்திலேயே பனி இறங்கிவிட்டது. ஜெனிட்டா காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகவில்லை, மாடியில் படுத்திருந்தாள். நான் பின் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் எதுவும் வெயிலில் காயவில்லை, எல்லாம் ஈர வாடை.

பின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அது யார் என்று எனக்குத் தெரியும் என்றோ, தெரியாது என்றோ சொல்ல மாட்டேன். எழுந்துபோய்த் திறந்தேன். திறப்பதற்கு முன் கொண்டை ஊசியைச் சரி செய்துகொண்டேன்.

படிக்கு வெளியே நின்றான். வெள்ளைச் சட்டை, அதில் மண் கறை. நெற்றியில் அந்தச் சுருள். மூன்று வருடமாகத் தட்டாமல் உள்ளே வந்தவன், படியில் கால் வைக்காமல் நின்றான். என்னைப் பார்த்தான். வெகு நேரம், மரியாதையாக, யாரென்று தெரியாமல் பார்த்தான். பிறகு, காது மந்தமான பெரியவர்களிடம் பிள்ளைகள் பேசுவது போலக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான்.

"பாட்டி, ஜெனி இருக்காளா?"

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. என் கை போட்ட மண் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அவன் எனக்காக வரவில்லை. எனக்காகக் காத்திருந்தது முழுதும் அவனிடமிருந்து போய்விட்டது.

"இல்லப்பா" என்றேன்.

"எப்ப வருவா?"

"தெரியாது."

"நான் காத்துட்டிருக்கேன்னு சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"தேங்க்ஸ் பாட்டி."

உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. வாசலில் வந்தவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளும் போட்டேன்.

திரும்பினால் ஜெனிட்டா மாடிப்படியின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் சீரக டப்பாவோடு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"யாரு ஆன்ட்டி?"

"யாரோ. வழி தவறி வந்த பையன்."

"உங்களைப் பாட்டின்னு கூப்பிட்டான்."

"இந்த வயதில் என்னை வேறு எப்படிக் கூப்பிடுவான்?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்லறைத் திருநாளுக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நான் இந்த மண்ணைப் போட்டா, என்னையும் இப்படித்தான் பாப்பானா? தெரியாத ஆள மாதிரி?"

"ஆமாம்."

"போடலன்னா?"

"வருவான். நீ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டானிக் குடிக்கும் வயது வரைக்கும் வருவான். இல்லை, ஒரு நாள் நீ கதவைத் திறப்பாய். இரண்டில் ஒன்று."

"எது மேல் ஆன்ட்டி?"

தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது. வலது மணிக்கட்டு, இடது மணிக்கட்டு இரண்டையும் நான் அவளுக்குக் காட்டினேன். பழைய தழும்பு, புதிய தழும்பு. அவள் எண்ணவில்லை. பார்த்துவிட்டு, என் சட்டைக் கையை அவளே இறக்கிவிட்டாள்.

அடுப்பில் பால் வைத்தேன். இருவருக்கும் காபி போட்டேன். அவள் சர்க்கரை அதிகம் கேட்டாள், போட்டேன்.

வெளியே காபிச் செடிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. கெஞ்சவில்லை, அவசரமும் இல்லை. நாளெல்லாம் நிற்கத் தயாரான குரல்.

"ஜெனி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஜெனி."

நானும் எழுந்திருக்கவில்லை. அவன் கூப்பிட்டது என் பெயரை அல்ல.